கணுவும் கூறும்: பொறியியலின் திறந்த கணக்கு

ஒரு பாலம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும்? ஒரு நீர்த்தொட்டியின் சுவர் எத்தனை அடி நீர் நிறைந்தால் விரிசல் காணும்? ஒரு விமானத்தின் இறக்கை எந்த வேகத்தில் நடுங்கத் தொடங்கும்? இவை கட்டி முடித்த பிறகு அறிய வேண்டிய செய்திகள் அல்ல. கட்டுவதற்கு முன்னரே அறிந்திருக்க வேண்டியவை. பழங்காலக் கொத்தனாரும் தச்சரும் தம் அனுபவத்தை நம்பினர். ஐயம் எழுந்த இடத்தில் கல்லைக் கூட்டினர், மரத்தைப் பருமனாக்கினர். அவ்வாறு எழுந்தவற்றுள் நிலைத்து நின்றவற்றையே நாம் இன்று காண்கிறோம். இடிந்து போனவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆகாய விமானத்திலும் ராக்கெட்டிலும் பொருளைக் கூட்டிக்கொண்டே போக இயலாது. எடையும் கூடலாகாது, வலிமையும் குறையலாகாது. ஆகவே அங்கே கணக்கு இன்றியமையாததாகின்றது. அக்கணக்கைச் செய்யும் முறை ஒன்றைப் பற்றியும், அம்முறையை எல்லாருக்கும் திறந்துவிட்ட மென்பொருள்களைப் பற்றியும் சிறிது காண்போம்.

ஒரு பொருளின்மீது விசை செயற்படும்போது அப்பொருளுக்குள் எதிர்விசைகள் எழுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் எழும் எதிர்விசையைத் தகைவு என்பர். அதனால் பொருளின் வடிவம் சிறிது மாறுவதைத் திரிபு என்பர். இவ்விரண்டுக்கும் உள்ள உறவைக் கூறும் சமன்பாடுகளை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நேவியர், கோஷி முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் எழுதிவிட்டனர். எனினும் எழுதுவது வேறு, விடை காண்பது வேறு. நேரான கம்பி, வட்டமான குழாய், சீரான தகடு போன்ற எளிய வடிவங்களுக்கே தாளில் விடை காண முடிந்தது. துளையும் வளைவும் மடிப்பும் கொண்ட உண்மையான யந்திர உறுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் அச்சமன்பாடுகள் அசையாமல் நின்றுவிடும்.

இவ்விடத்தில் உதவிக்கு வருவது மிகப் பழைய உபாயம் ஒன்று. முழுமையாக அளக்க முடியாததைத் துண்டு துண்டாக்கி அளப்பதே அவ்வுபாயம். வட்டத்தின் சுற்றளவை அறிய விரும்பிய கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் வட்டத்திற்கு உள்ளும் வெளியும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வரைந்து கணக்கிட்டார். நம் கேரள நாட்டில் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராம மாதவனின் வழிவந்த கணித மரபினரும் இவ்வுபாயத்தில் வல்லவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவன் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை, வட்டத்தைச் சூழ்ந்த சதுரத்தின் பக்கத்தை மிகச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பங்கையும் கூட்டிச் சுற்றளவை எட்டும் வழியைத் தெளிவாக விளக்குகின்றது. பகுதிகள் சிறுக்கச் சிறுக்க விடை உண்மையை நெருங்கும் என்பதே அதன் சாரம்.

இதே சாரத்தைப் பொறியியலில் பயன்படுத்துவதுதான் முடிவுறு கூறு முறை. ஆங்கிலத்தில் இதனை ஃபைனைட் எலிமெண்ட் முறை என்பர். ‘முடிவுறு’ என்ற அடைமொழி கேட்போரை மயக்கக்கூடும். எண்ணி முடிக்கத்தக்க, அளவுக்கு உட்பட்ட என்பதே அதன் பொருள். ஒரு பொருளில் உள்ள புள்ளிகள் எண்ணிறந்தவை. அத்தனை புள்ளிகளுக்கும் விடை காண முயல்வதை விட்டு, அப்பொருளை எண்ணத்தக்க சில ஆயிரம் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறோம். கூறும் கூறும் சந்திக்கும் புள்ளிக்குக் கணு என்று பெயர். கரும்பிலும் மூங்கிலிலும் காணும் கணுவை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கும். கணுக்களையும் கூறுகளையும் இணைத்துப் பார்த்தால் மீன்வலை போன்ற தோற்றம் உண்டாவதால் அதனை வலை என்றே வழங்குகின்றனர்.

ஓர் எளிய உதாரணத்தால் இதனை விளக்கலாம். மேல்முனை கூரையில் பொருத்தப்பட்டுத் தொங்கும் ஒரு எஃகுக் கோலை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைந்து, அடிமுனையில் மேல்முனையின் பாதியாகிறது. கீழே ஒரு பாரத்தைக் கட்டுகிறோம். கோல் முழுவதும் மேல்முனையின் பருமனாகவே இருந்திருந்தால் சரியாக 1 மில்லிமீட்டர் நீளும்படி அப்பாரத்தைத் தேர்ந்துகொள்வோம். இப்போது இந்தக் குறுகும் கோல் எவ்வளவு நீளும்?

முதலில் கோல் முழுவதையும் ஒரே கூறாகக் கொள்வோம். மேல்முனைப் பரப்பை 1 என்றால் அடிமுனைப் பரப்பு அரை, சராசரி முக்கால். பரப்பு முக்கால் ஆனால் நீட்சி 1-ஐ முக்காலால் வகுத்த அளவு, அதாவது 1.333 மில்லிமீட்டர். அடுத்து, கோலை நடுவில் ஒரு கணு வைத்து இரண்டு கூறுகளாக்குவோம். மேற்கூறின் சராசரிப் பரப்பு 0.875, கீழ்க்கூறின் சராசரிப் பரப்பு 0.625. இரண்டின் நீட்சியையும் தனித்தனியே கண்டு கூட்டினால் 1.371 மில்லிமீட்டர் வரும். நான்கு கூறுகளாக்கினால் 1.382 கிடைக்கும். இக்கோலின் வடிவம் எளிது ஆகையால் உண்மையான விடையை நுண்கணிதத்தால் காணமுடியும், அது 1.386. பாருங்கள்: ஒரு கூறில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பிழை, இரண்டில் நூற்றுக்கு ஒன்றை ஒட்டிய பிழை, நான்கில் அதனினும் மிகச் சிறிது. கூறுகளின் எண்ணிக்கையை இரட்டிக்கும்போதெல்லாம் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இவ்வாறு விடை உண்மையை நோக்கி ஒருங்கிச் செல்லும் இயல்பே இம்முறையின் உயிர்.

கோலுக்குக் கூறுகளின் நீட்சியைத் தனித்தனியே கூட்டிவிட்டோம். தகடும் தூணும் வளைவும் கலந்த ஓர் அமைப்பில் அவ்வாறு செய்ய இயலாது. ஒரு கணுவின் அசைவு அதனைச் சூழ்ந்த எல்லாக் கூறுகளையும் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு கணுவிலும், அக்கணுவில் சேரும் விசைகளெல்லாம் சமன்பட வேண்டும் என்று ஒரு சமன்பாடு எழுதப்படுகின்றது. கணு மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் என மூன்று திசைகளில் அசையலாம். ஆகையால் ஒரு லட்சம் கணுக்கள் உள்ள வலைக்கு 3 லட்சம் சமன்பாடுகள் தேவைப்படும். அவற்றை ஒருங்கே தீர்த்தால் ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும். நகர்விலிருந்து திரிபும், திரிபிலிருந்து தகைவும் பெறப்படும். மனிதர் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் அமர்ந்தாலும் முடிக்கவியலாத இக்கணக்கை இன்று வீட்டு மேசைமீதுள்ள கணினி சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றது.

இம்முறை ஒரே நாளில் ஒருவரால் தோன்றியதன்று. 1943-இல் கணித அறிஞர் ரிச்சர்ட் கூரண்ட், முறுக்கப்பட்ட தண்டின் கணக்கை முக்கோணங்களாகப் பிரித்துத் தீர்க்கும் வழியை வெளியிட்டார். அக்காலத்தில் கணினி இல்லாமையால் அவ்வழி பெரிதாகப் பயன்படவில்லை. 1950-களில் விமானங்களின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தும் முக்கோண வடிவிலும் அமையத் தொடங்கியபோது பழைய சூத்திரங்கள் பயனற்றுப் போயின. போயிங் நிறுவனத்தைச் சேர்ந்த டர்னர் என்பவரும், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. ‘முடிவுறு கூறு’ என்ற பெயரை 1960-இல் இட்டவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தக் கிளஃப். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய ஆர்கிரிஸ் என்ற கிரேக்க அறிஞரின் பங்கும் பெரிது. ஸ்வான்சீயில் பேராசிரியராக இருந்த ஸியென்கீவிச் 1967-இல் இம்முறைக்கு முதற் பாடநூலை வெளியிட்டார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, தன் தேவைக்காக நாஸ்ட்ரான் என்னும் பெரிய நிரலை 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கியது. இன்று சந்தையில் விற்கப்படும் பல மென்பொருள்கள் அந்த நாஸ்ட்ரானின் வழித்தோன்றல்களே.

இக்கலை நமக்கு அந்நியமானதன்று. கரமனையில் வாழும் நமக்கு அது பக்கத்து வீட்டுக் கலை எனலாம். இங்கிருந்து சில மைல் தொலைவில் தும்பையில் 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் வானில் ஏறியது. விக்ரம் சாராபாய் காலமான பின், 1972-இல் அங்கிருந்த ஆய்வுக்கூடங்கள் அவர் பெயரால் ஒரே விண்வெளி நிலையமாயின. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் நிலை 2.8 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கூடு; அதனுள் ஏறத்தாழ 138 டன் திட எரிபொருள் அடங்கும். எரியும்போது உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஆனால் அதன் சுவர் வேண்டாத ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் செயற்கைக்கோளுக்கு உரிய எடை குறையும். இத்தகைய கணக்குகளுக்காக விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்தின் பொறியாளர்கள் ஃபீஸ்ட் என்னும் முடிவுறு கூறு மென்பொருளைத் தாமே எழுதினர். பல ஆண்டுகளாக வளர்த்தும் வந்துள்ளனர். 2022 நவம்பரில் ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் அதன் புதிய பதிப்பை வெளியிட்டார். மாணவர்க்கென்று அதில் தனிப் பதிப்பும் உண்டு. ஃபீஸ்ட்டின் மூல நிரல் எல்லாருக்கும் திறக்கப்பட்டதன்று. எனினும் அயல்நாட்டு மென்பொருளை மட்டும் நம்பியிராமல் நம்மவரே இத்தகைய ஒன்றைப் படைக்க இயலும் என்பதற்கு அது சான்று.

இனி, இவற்றை யார் பயன்படுத்த முடிகிறது என்ற கேள்விக்கு வருவோம். தொழிற்சாலைகளில் வழங்கும் வணிக மென்பொருள்களின் உரிமத்திற்கு ஆண்டுதோறும் பெருந்தொகை கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்திற்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. சிறு பட்டறைக்கோ ஆண்டு வருமானத்தையே விழுங்கும் பாரம். எங்கள் தெருவில் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டில் பயிலும் இளைஞன் ஒருவன், ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்க ஒருநாள் வந்தான். பேச்சுவாக்கில், “மாமா, காலேஜ் லேபில் மாலை நாலரை மணிக்குமேல் உட்கார விடமாட்டார்கள். வீட்டில் செய்ய வேண்டுமானால் திருட்டுப் பிரதிதான் போடவேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றான். “நீயும் அப்படித்தான் செய்கிறாயா?” என்று கேட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. நாளை ஒரு பாலத்திற்கோ பள்ளிக் கட்டடத்திற்கோ கையொப்பமிடப் போகிறவன், தன் தொழிலின் முதற்பாடத்தைக் களவில் தொடங்குவது நல்ல தொடக்கமன்று. அவனைக் குறைகூறுவதற்கு முன், அவனுக்கு நேரான வழி ஒன்று உண்டா என்று பார்ப்பது நம் கடமை.

நேரான வழி உண்டு. அதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் சுதந்திரத்தையும் குறிக்கும். அதனால் அம்மொழியினர் ஓயாது விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழில் இவ்விடர் இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. சந்தைக் கடையில் இலவசமாகத் தரும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமையில்லை. கட்டற்ற மென்பொருளிலோ நான்கு உரிமைகள் உண்டு: எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படித்தறியலாம், பிரதி எடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம், திருத்தி, அத்திருத்தத்தையும் வெளியிடலாம். இக்கொள்கையை 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் இயக்கமாகத் தொடங்கினார். இவ்வியக்கத்தின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் தொடங்கப்பெற்றதும் இதே திருவனந்தபுரத்தில்தான். கேரள அரசின் பள்ளிகளில் குழந்தைகள் கணினி பயில்வதும் கட்டற்ற மென்பொருளிலேயே. ஆகவே நம் வட்டாரத்து மாணவருக்கு இது புதுவழியன்று. பள்ளியில் நடந்து பழகிய பாதையின் தொடர்ச்சி.

முடிவுறு கூறு முறைக்கு உரிய கட்டற்ற மென்பொருள்கள் சிலவற்றின் வரலாறு கேட்கத் தக்கது. ஜெர்மனியின் மூனிக் நகரில் விமான எஞ்சின் செய்யும் எம்.டி.யு. நிறுவனத்தின் பொறியாளர்களான கீடோ டோண்ட், கிளாவுஸ் விட்டிக் ஆகிய இருவர் கால்குலிக்ஸ் என்னும் மென்பொருளை எழுதி 1998-இல் உலகிற்கு அளித்தனர். பிரான்சின் மின்சார நிறுவனமான இ.டி.எஃப்., தன் அணுமின் நிலையங்களின் பாதுகாப்பை ஆராய 1989-இல் கோட் ஆஸ்டர் என்ற மென்பொருளைத் தொடங்கியது. 2001-இல் அதனைக் கட்டற்றதாக்கியது. இன்றும் அதன் கட்டளைச் சொற்கள் பிரெஞ்சு மொழியிலேயே உள்ளன. தாய்மொழியில் கட்டளை எழுதினால் விஞ்ஞானம் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இதனைக் கவனிக்கலாம். பின்லாந்து நாட்டில் 1995-இல் தொடங்கிய எல்மர் 2005-இல் திறக்கப்பட்டது. வெப்பம், மின்காந்தம், பாய்மம், விறைப்பு ஆகிய பல இயல்புகளை அது ஒருசேரக் கணக்கிடும். நாஸ்ட்ரானின் பழைய பதிப்பு ஒன்றின் மூல நிரலையும் நாசா இப்போது பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது.

ஒரு மாணவன் இவற்றைக்கொண்டு எவ்வாறு பணியாற்றுவான்? முதலில் ஃப்ரீகேட் என்னும் வரைகலை மென்பொருளில் உறுப்பின் வடிவத்தை வரைவான். அடுத்து ஜிமெஷ் என்னும் கருவி அவ்வடிவத்தை முக்கோண, நான்முகக் கூறுகளாக்கி வலை பின்னித் தரும். பிறகு பொருள் எஃகா, அலுமினியமா என்பதையும், எந்த இடம் அசையாமல் பொருத்தப்பட்டது, எந்த இடத்தில் எவ்வளவு விசை என்பதையும் அவன் குறிப்பான். கால்குலிக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கும். இறுதியில் பாராவியூ போன்ற கருவியில் தகைவு மிகுந்த இடம் சிவப்பாகவும் குறைந்த இடம் நீலமாகவும் படமாய்த் தோன்றும். இத்தனைக்கும் செலவு மின்சாரமும் உழைப்புமே. கரமனையாற்றைக் கடந்து நாகர்கோயில் நோக்கிச் செல்லும் பேருந்துகளைத் தாங்கும் பாலத்தைப் போன்ற ஓர் அமைப்பைத் தன் வீட்டுக் கணினியிலேயே அமைத்து, பாரம் இரட்டித்தால் என்னாகும், ஒரு தாங்கு தூண் சிறிது அமிழ்ந்தால் என்னாகும் என்று அவன் பரீட்சித்துப் பார்க்கலாம். உண்மைப் பாலத்தில் செய்யத் தகாத பரிசோதனையைக் கணக்கில் அச்சமின்றிச் செய்யலாம். இதனையே பாவனை என்கிறோம்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வண்ணப் படம் கண்ணைக் கவரும். கண்ணைக் கவர்வதெல்லாம் உண்மையாகிவிடாது. நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே 1991 ஆகஸ்டு 23-ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். கடலடியிலிருந்து எரிவாயு எடுக்கும் ஸ்லைப்னர் என்ற மேடைக்காகக் கான்கிரீட்டில் பிரம்மாண்டமான அடித்தளம் கட்டப்பட்டது. பரிசோதனைக்காக அதனைச் சிறிது சிறிதாக நீரில் அமிழ்த்தினர். ஏறத்தாழ 65 மீட்டர் ஆழத்தில் உள்ளறைச் சுவர் ஒன்று வெடித்தது. நீர் உட்புகுந்தது, அடித்தளம் முழுவதும் மூழ்கிச் சிதறியது. அதன்மேல் இருந்தோர் உயிர் தப்பினர். பொருளிழப்போ சுமார் 70 கோடி டாலர். விசாரணையில் வெளிப்பட்ட காரணங்களுள் முதன்மையானது கணக்கில் இருந்தது. சுவர்கள் சந்திக்கும் இடத்தில் வலையைப் போதிய நுட்பமாகப் பின்னவில்லை. கூறுகள் பெரியனவாயும் கோணலாயும் இருந்தன. அதனால் ஒரு தளம் மற்றொன்றின்மீது வழுக்க முயலும்போது எழும் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. அதனை நம்பி அவ்விடத்து இரும்புக் கம்பிகளின் அமைப்பும் குறைபட்டது. விபத்துக்குப் பின் நுட்பமான வலைகொண்டு கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று அதே முறை சொன்னது!

இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முறை பொய்க்கவில்லை, மென்பொருளும் பொய்க்கவில்லை. கேட்ட கேள்வி போதிய நுட்பமாக இல்லை. வந்த விடையை மீண்டும் சோதித்தவர் இல்லை. நாம் முன்னர்க் கண்ட எஃகுக் கோலில் ஒரே கூறோடு நின்றிருந்தால் 1.333 என்ற விடையே மெய்யென்று நம்பியிருப்போம். கூறுகளை இரட்டித்துப் பார்த்ததால்தான் அது குறைவென்று தெரிந்தது. கோலில் அப்பிழை சிறிது. ஸ்லைப்னரில் அதே இனத்துப் பிழை ஒரு மலையையே மூழ்கடித்தது.

பெர்க்லியின் எட்வர்டு வில்சன் 1970-இல் தாம் எழுதிய கட்டுமானக் கணக்கு நிரலுக்கு ‘சாப்’ என்று பெயரிட்டார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு ஏமாளி, மந்தன் என்று பொருள். கணினி நிரலுக்குச் சொந்த அறிவு இல்லை. அமைப்பைச் சரியாக எண்ணிப்பார்ப்பதும் விடைக்குப் பொறுப்பேற்பதும் பொறியாளரின் கடன் என்பதைப் பயன்படுத்துவோர் மறவாதிருக்கவே அப்பெயரை வைத்ததாக அவர் எழுதினார். தம் படைப்பை மந்தன் என்று அழைத்த அப்பெரியாரின் பணிவு போற்றத்தக்கது.

ஆகவே இக்கருவிகளைக் கையாளப் புகும் இளைஞர்கள் சில ஒழுக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, விடை தெரிந்த எளிய கணக்கு ஒன்றை முதலில் செய்து, மென்பொருள் அவ்விடையைத் தருகிறதா என்று பார்த்தல். இரண்டாவது, வலையை நுட்பமாக்கி மீண்டும் கணக்கிடல். விடை பெரிதும் மாறினால் முந்தைய விடையை நம்பலாகாது. மூன்றாவது, தாங்கும் இடங்களில் எழும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை நாம் இட்ட பாரத்திற்குச் சமமா என்று சரிபார்த்தல். நான்காவது, அளவைகளில் கவனம். கால்குலிக்ஸ் போன்ற மென்பொருள் எண்களை மட்டுமே அறியும். மீட்டரா, மில்லிமீட்டரா என்று கேளாது. எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2,10,000 நியூட்டன். அதையே சதுர மீட்டருக்குச் சொன்னால் 21,000 கோடி நியூட்டன். நீளத்தை மீட்டரில் எழுதிவிட்டு முந்தைய எண்ணை இட்டால், எஃகு ரப்பரினும் மிக மெலிந்த பொருளாய் வளையும்; மென்பொருள் அதற்கும் அழகிய படம் வரைந்து தரும். ஐந்தாவது, மற்றொருவரைக் கொண்டும், இயன்றால் மற்றொரு மென்பொருளைக் கொண்டும் சரிபார்த்தல்.

இந்த ஐந்தாவது ஒழுக்கத்தில்தான் கட்டற்ற மென்பொருளின் தனிச்சிறப்பு விளங்குகின்றது. வணிக உரிமம் ஒன்றுக்கே திணறும் சிறு நிறுவனம் இரண்டாவது உரிமம் வாங்கிச் சரிபார்க்குமா? கால்குலிக்ஸில் கண்டதை எல்மரில் சோதிக்கப் பணத்தடை இல்லை. அதுமட்டுமன்று. ஒரு கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஐயம் எழுந்தால், பொறியாளர் தம் கணக்குக் கோப்பையே வெளியிடலாம்; அறிந்த எவரும் அதே மென்பொருளை இறக்கி, அதே கணக்கை மீண்டும் செய்து பார்க்கலாம். கூறு ஒவ்வொன்றையும் மென்பொருள் எந்தச் சூத்திரத்தால் கணக்கிட்டது என்பதைத் திறந்து படிக்கவும் செய்யலாம். ‘பெட்டி சொல்லிற்று, நம்புங்கள்’ என்பதற்கும், ‘இதோ வழி, நீங்களே நடந்து பாருங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. நிரூபணத்தை எல்லாருக்கும் விளங்கும் மொழியில் எழுதிவைத்த யுக்திபாஷையின் நாட்டினருக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வணிக மென்பொருளில் ஐயம் வந்தால் தொலைபேசியில் கேட்க ஆளுண்டு. கட்டற்ற மென்பொருளில் பெரும்பாலும் கையேட்டைப் படித்துத் தானே தேற வேண்டும். சிலவற்றின் திரை அமைப்பு பழகுவதற்குக் கடினமானது. சில தொழில்களில் வாடிக்கையாளர் இன்ன மென்பொருளில்தான் கணக்கு வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதும் உண்டு. வேலை தேடும் இளைஞன் அவற்றையும் கற்க நேரலாம். ஆனால் முறை ஒன்றே. கட்டற்ற மென்பொருளில் முறையைக் கற்றவன் மற்றொன்றில் பொத்தான்களின் இடத்தைப் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் போதும். பொத்தான்களை மட்டும் கற்றவனோ, மென்பொருள் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கற்பதற்குத் துணையும் பெருகி வருகின்றது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மத்தியக் கல்வி அமைச்சின் உதவியோடு நடத்தும் ஃபாசி என்னும் திட்டம், கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருளைப் பரப்புகின்றது. அதே கழகத்தின் பேசும் பாடங்கள் என்னும் திட்டத்தில் பல மென்பொருள்களுக்கான பயிற்சிகள் தமிழிலும் மலையாளத்திலும் ஒலிக்கின்றன. எனினும் முடிவுறு கூறு முறைக்கென்று தமிழில் உள்ளவை சிலவே. அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. விறைப்பு, தகைவு, திரிபு, கணு, கூறு என்று தகுந்த சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. சொற்கள் இருந்தும் அவற்றை வைத்துப் பேசுவோர் இல்லையென்றால், அவை பாத்திரக் கடையில் அடுக்கிவைத்த பாத்திரங்களைப் போல் பளபளக்குமேயன்றி, அவற்றில் சோறு வேகாது. பாலிடெக்னிக்கில் பயிலும் மாணவன், ‘இந்தக் கணுவில் தகைவு ஏன் ஏறுகிறது?’ என்று தன் தோழனிடம் தமிழில் கேட்கும் நாளில்தான் அச்சொற்களுக்கு உயிர் வரும்.

மூல நிரலைத் திறந்து வைத்த மூனிக் பொறியாளர்கள் இருவரும் நம்மிடம் கேட்கும் கைம்மாறு எதுவும் இல்லை. ஆனால் திறந்த வீட்டில் நுழைந்து உண்டவர்க்கு உரிய முறை ஒன்று உண்டு. பிழை கண்டால் எடுத்துரைத்தல், கற்றதை அடுத்தவர்க்குக் கற்பித்தல், இயன்றால் ஒரு பக்கமாவது தம் மொழியில் எழுதிவைத்தல் ஆகியவை அம்முறையில் அடங்கும். எங்கள் தெரு இளைஞனிடம் கால்குலிக்ஸின் பெயரைச் சொன்னேன். இரண்டு வாரம் சென்று, தொங்கும் கோலின் கணக்கை 64 கூறுகளில் செய்து, தாளில் போட்ட விடையோடு ஒத்திருந்ததைக் காட்டினான். சிறிய கணக்குத்தான். ஆனால் அது முற்றிலும் அவனுடையது. எவரிடமும் மறைக்க வேண்டாதது. நாளை அவன் கையொப்பமிடும் பாலத்தின்மேல் நாமும் நம் பிள்ளைகளும் நடக்கப்போகிறோம். அவன் கணக்கு எவரும் திறந்து பார்க்கத்தக்கதாய் இருப்பது நம் எல்லாருடைய நன்மைக்குமே ஆகும்.